முந்திரிக்காட்டுத் தேன்பெட்டியும் ஒரு திருட்டுப் பட்டமும்

பெரம்பலூரில் நான் குடியிருக்கும் வீட்டில் உட்கார்ந்தபடியே தினமும் ஒரு தேன்பெட்டியாவது பார்த்துவிடுகிறேன், கைப்பேசியில். பெட்டி வாசலில் தேனீக்கள் கொத்தாகத் தொங்கும் படம் வரும். கீழே ஒரு கேள்வி: "மேடம், இது வெக்கைக்கு வெளிய வந்து நிக்குதா, இல்ல கூட்டம் பிரியப் போவுதா?" நான் வேலை பார்த்த தேனீ வளர்ப்போர் சங்கத்தில் இப்போது களப்பணியில் இருக்கும் பிள்ளைகள்தான் அனுப்புவார்கள். நான் உடனே பதில் சொல்வதில்லை. படம் காலையில் எடுத்ததா மதியத்திலா, பெட்டி வெயிலில் நிற்கிறதா நிழலிலா, எடுத்தது நீயா அல்லது பெட்டிக்காரர் அனுப்பியதை எனக்குத் தள்ளிவிட்டாயா என்று திருப்பிக் கேட்பேன். "மேடம் போலீசுக்குப் போயிருக்க வேண்டியவங்க" என்று ஒருத்தன் குழுவிலேயே எழுதினான். எழுதட்டும்.

போன மாதம் ஒரு பயிற்சிக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பெட்டிக்குள் வைக்கிற ஒரு கருவியைக் காட்டினார்கள். உள்ளே சூடு ஏறினாலோ சத்தம் மாறினாலோ பெட்டிக்காரரின் கைப்பேசிக்குச் செய்தி போகுமாம். நல்லதுதான். ஆனால் அதைக் காட்டிய தம்பி, "இனிமே பெட்டிகிட்ட போவவே வேணாம்" என்றார் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. பெட்டிகிட்டப் போகாமல் பெட்டியைப் பற்றிப் பேசியதால் ஒரு மனுஷனுக்குத் திருட்டுப் பட்டம் கட்டிய கதை எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது, தேனீ கொட்டினால் முகம் வீங்கும் என்பது மட்டும் தெரிந்த பெண்ணாக. பயிற்சி என்று கொஞ்ச நாள் உட்காரவைத்தார்கள்; மீதியைக் கதிரேசன் சாரின் பின்னால் அலைந்து கற்றேன். அவர் எங்கள் மேற்பார்வையாளர். ஒல்லியான ஆள், எப்போதும் முழுக்கைச் சட்டை. ஒரு பெட்டியையும் "நல்லா இருக்கு" என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. பெட்டியைப் பார்க்குமுன் அந்த வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். "டீயைக் குடிச்சுட்டா அவங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டத் தோணும்மா" என்பார். நாம் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான்: "பார்த்தியா, நினைச்சியா?" நாக்கு நுனி வரை வந்த பதிலை அந்தக் கேள்விக்குப் பயந்து விழுங்கிய நாட்கள் எனக்கு நிறைய உண்டு. எரிச்சலாக வரும். மனுஷன் ஒரு நாளாவது நம்மை நம்ப மாட்டாரா என்று பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கருவுவேன்.

பெட்டியை எப்படிப் பார்ப்பது என்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. எடுத்த எடுப்பில் மூடியைத் திறக்க விடமாட்டார். முதலில் வாசலுக்குப் பக்கவாட்டில் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். நேர் எதிரே உட்கார்ந்தால் அதுகளின் போக்குவரத்தை மறித்துவிடுவோம். சுற்றிலும் பூ பூத்துக் கிடக்கும் நேரத்தில் தேனீக்கள் வேலைக்குப் போகாமல் வாசலில் கொத்தாகத் தொங்கினால் சந்தேகப்பட வேண்டும். மதிய வெயிலில் தொங்கினால் பெரும்பாலும் வெக்கைதான். ஈரச் சாக்கை மேலே போட்டு நிழல் கட்டினால் உள்ளே போய்விடும். குளிர்ந்த காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால் அதற்கு உள்ளே இடமில்லை என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு அடிப்பலகையை உருவிப் பார்க்க வேண்டும். நம்மூர்ப் பெட்டித் தேனீயில் ஆண் தேனீ வளரும் அறைக்குக் கெட்டியான மூடி இருக்கும்; அதன் நடுவில் ஊசி குத்தியதுபோல் ஒரு துளை. பிரிய நினைக்கும் கூட்டம் முதலில் ஆண் தேனீக்களை வளர்க்கும். அந்த மூடிகள் உதிர்ந்து அடிப்பலகையில் கிடக்கும். கடைசியில்தான் பெட்டி மூடியைத் திறந்து, அடை கட்டியிருக்கும் மரச்சட்டங்களைத் தூக்குவது. எல்லாச் சட்டத்திலும் தேனீ மொய்த்து, ராணி முட்டையிட ஓர் அறைகூடக் காலியில்லாமல், அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலை போல ராணி அறைகள் தொங்கினால் வீடு நிறைந்துவிட்டது. அந்த அறைகளின் நுனி பழுப்பேறினால் புது ராணி வரப்போகிறாள். அதற்கு முன்னால் பழைய ராணி பாதிக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும். மந்தாரமாக இருந்துவிட்டு வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்துக் கிளம்பும்.

வாசலில் கூட்டம் தெரிந்தாலே பெட்டி நிறைந்துவிட்டது என்று நினைக்கவும் கூடாது. தா.பழூர் பக்கம் ஒருவர், "எம்பொட்டி பிதுங்கி வழியுது, இன்னொரு பொட்டி குடுங்க" என்று ஆபீசுக்கே வந்துவிட்டார். அறுவடை முடிந்து சுற்றிலும் ஒரு பூ கிடையாது, எங்கிருந்து பிதுங்கும்? போய்ப் பார்த்தால், வேறு கூட்டத்துத் தேனீக்கள் புகுந்து தேனைக் கொள்ளையடித்துக்கொண்டிருக்கின்றன. வாசலில் கட்டிப்புரண்டு சண்டை, கீழே செத்த பூச்சி. அவர் அதை ஐஸ்வர்யம் என்று சூடம் காட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது நூர்ஜஹான் விஷயத்துக்கு வருகிறேன்.

நூர்ஜஹானுக்கு லெப்பைக்குடிக்காடு. கணவர் வளைகுடாவில்; வயசான அப்பா அவளோடுதான். வீடு பெரிசு, ஆனால் பெட்டி வைக்க ஒரு மரம் கிடையாது. எங்களிடம் பயிற்சி எடுத்து, ஆண்டிமடம் பக்கம் கோவிந்தராசு என்பவரின் முந்திரிக்காட்டில் பெட்டிகளை வைத்திருந்தாள். அவளுடைய அத்தா சைக்கிளில் துணி விற்கப் போன காலத்திலிருந்து இரண்டு குடும்பத்துக்கும் பழக்கம். கோவிந்தராசு அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். காட்டுக்குள்ளேயே வீடு, அவரும் மனைவி அஞ்சலையும் மட்டும். வாரத்துக்கு ஒரு தடவை நூர்ஜஹான் பஸ் மாறி மாறி வந்து பார்த்துவிட்டுப் போவாள். "பெட்டிய மட்டும் யாரும் திறக்காதீங்க அண்ணே" என்று ஒரே ஒரு கண்டிஷன். அவரும் சரி என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

முந்திரி பூத்த மாசி மாதம். ஒரு பெட்டியில் பாதித் தேனீக்களைக் காணோம். அடுத்த வாரம் இன்னொரு பெட்டியிலும் பாதி இல்லை. ஜெயங்கொண்டத்தில் யாரோ தேனீக் கூட்டம் பிடித்து விற்கிறான் என்று அவள் காதில் ஒரு பேச்சு விழுந்தது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? பெட்டி மூடிகளின் குறுக்கே கறுப்பு நூல் கட்டிவிட்டுப் போனாள். மறுவாரம் வந்தால், கூட்டம் குறைந்த இரண்டு பெட்டிகளிலும் நூல் அறுந்து கிடக்கிறது. கேட்டதற்கு, "நான் பொட்டியத் தொடவே இல்ல தங்கச்சி" என்றார் கோவிந்தராசு. நூல் தானாக அறுமா?

அதற்குமேல் பேச்சு தடித்துவிட்டது. டீக்கடை வரைக்கும் போய், பையன்கள் அவரைத் "தேன்பூச்சி மாமா" என்று கூப்பிடும் அளவுக்கு வந்துவிட்டது. பெட்டிகளை எடுத்துக்கொண்டு போய்விடுவேன், போலீசிலும் எழுதிக் கொடுப்பேன் என்றாள் நூர்ஜஹான். பூ கொட்டிக்கிடக்கும் நேரத்தில் பெட்டியை எடுத்தால் அந்த வருஷம் அவளுக்குத் தேன் கிடையாது. எழுதிக் கொடுத்தால் அந்த மனுஷன் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. "நீங்க வந்து பாத்துச் சொல்லுங்க, அப்பறம் போறேன்" என்று எனக்குப் போன் செய்தாள்.

நானும் கதிரேசன் சாரும் காலையிலேயே போய்விட்டோம்; நூர்ஜஹான் எங்களுக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள். முதல் நாள் முழுக்க மந்தாரம், சிணுசிணுவென்று தூறல் வேறு. அன்றைக்குத்தான் வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. அஞ்சலை சொம்பில் தண்ணீரோடு வந்தார். சார் வழக்கம்போல, "பார்த்துட்டுக் குடிக்கிறேம்மா" என்றார்.

கோவிந்தராசுவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏன் சார், திருட்டுப் பய வூட்டுத் தண்ணி எறங்காதா?"

சார் அசரவில்லை. "யார் வீட்டுலயும் குடிக்க மாட்டேன். இந்தப் பொண்ணக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு நேராகப் பெட்டிப் பக்கம் நடந்தார்.

உள்ளதைச் சொல்கிறேன், நான் அங்கே யாரையும் நம்பவில்லை. நூர்ஜஹானே கூட்டத்தைப் பிரித்து விற்றுவிட்டு ஏன் பழிபோடக் கூடாது என்றுகூட யோசித்தேன். கோவிந்தராசு சத்தம் போடுகிறார். சத்தம் போடுகிறவர்களை எனக்கு ஆகாது. அஞ்சலை வாயே திறக்கவில்லை, அதைவிட ஆகாது.

கூட்டம் குறைந்த முதல் பெட்டியின் அடிப்பலகையை உருவினேன். துடைத்து வைத்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது. ஒரு துளை மூடிகூட இல்லை. அடையைத் தூக்கினேன். கீழ் விளிம்பில் ராணி அறை ஒன்றுகூட இல்லை. கூட்டம் தானாகப் பிரிந்து போயிருந்தால் இரண்டும் இருக்க வேண்டும். இரண்டாவது பெட்டியும் அதே கதை.

"சார், இது பிரிஞ்சு போகலை. எடுத்திருக்காங்க" என்று மெதுவாகச் சொன்னேன்.

"பார்த்தியா, நினைச்சியா?"

பல்லைக் கடித்துக்கொண்டு அடையைத் திரும்ப வெளிச்சத்தில் பிடித்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. விளிம்பில் அங்கங்கே வெட்டுத் தடம். தேனீ கடித்து எடுத்தால் ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும். இது பிளேடு போட்டதுபோல் நேராக இருந்தது. யாரோ ராணி அறைகளை அறுத்து எடுத்திருக்கிறார்கள். வெட்டிய இடத்தில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. மகரந்தமோ என்று நகத்தால் சுரண்டி மூக்கருகில் கொண்டுபோனேன். மகரந்தம் இல்லை. சமையல் மஞ்சள்! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாரிடம் நீட்டினேன். அவர் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். திருட வந்தவன் அறுத்த இடத்துக்கு மஞ்சள் வைத்துவிட்டா போவான்?

சார் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, ஊர் விசாரிப்பதுபோல் கேட்டார்: "இங்க ஆடு மாட்டுக்கெல்லாம் நோவு வந்தா யாரு பாக்குறது?"

"இவதான் சார்" என்றார் கோவிந்தராசு பட்டென்று. "மடி நோவுன்னா ஊரே இவகிட்டதான் வரும். மரு இருந்தாக்கூட நோவாம அறுத்து மஞ்ச வச்சு..."

அதோடு நிறுத்திவிட்டார். மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அஞ்சலை சொம்பைத் தரையில் வைத்தார்.

"நான் பூச்சிய எடுக்கல சாமி! மருவத்தான் எடுத்தேன்" என்று அழ ஆரம்பித்துவிட்டார். "ஆட்டு மடியில தொங்குற மாதிரியே தொங்குச்சு. பூச்சி வேற கொறஞ்சுகிட்டே போவுது. நோவுதான்னு நெனச்சேன். தங்கச்சி பொட்டி வீணாப் போயிருமேன்னு, இவுரு ஜெயங்கொண்டம் போன நேரமாப் பாத்து..." அடிப்பலகையையும் அவர்தான் வாசல் கூட்டுகிற கையோடு தினமும் கூட்டித் தள்ளியிருக்கிறார். உதிர்ந்த மூடிகளைச் செல்லரித்த தூள் என்று நினைத்துக்கொண்டார்.

"அடிப்பாவி! நான் தெருவுல நாறிக்கிட்டுக் கெடக்கறேன், வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்றார் கோவிந்தராசு.

"நீங்க வாக்குக் குடுத்துட்டீங்க. நான் தொறந்தேன்னு தெரிஞ்சா உங்க வாக்கு என்னா ஆவறது?"

நான் நூர்ஜஹானைப் பார்த்தேன். அவள் முகம் இளகவில்லை. "சரி, மருவ எடுத்தாங்க, நூல அறுத்தாங்க. பூச்சி எங்க போச்சு? பொண்டாட்டி புருஷன மறைக்கறாங்கன்னு நான் சொன்னா?" என்றாள். கேட்டது நியாயம்தான். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

பிரியும் கூட்டம் எப்படிப் போகும் என்று வாயால் சொன்னேன். ராணி அறைகளை அறுத்துவிட்டதால் அந்த இரண்டு பெட்டிகளிலும் இப்போது ராணியே இல்லை, முட்டையுள்ள அடை ஒன்றை வேறு பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்காவிட்டால் மீதியும் அழியும் என்றேன். தலையை ஆட்டினாள், நம்பவில்லை. அவள் கூட்டம் பிரிந்து பார்த்ததே இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் வருகிறவளுக்கு அது எங்கே கண்ணில் படப்போகிறது?

அப்போது கடைசி வரிசையிலிருந்த ஒரு பெட்டி என் கண்ணை இழுத்தது. இன்னும் குளிர் விடவில்லை. அதன் வாசலில் தேனீக்கள் தாடி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. சுற்றி முந்திரிப்பூ மணக்கிறது, வேலைக்குப் போவது ஒன்றிரண்டுதான். அடிப்பலகையை உருவினேன். சண்டை தொடங்கிய நாளிலிருந்து அஞ்சலை பெட்டிப் பக்கமே வராததால் துளை மூடிகள் மிளகு சிந்தியதுபோல் கிடந்தன. மூடியைத் திறந்து பார்த்தேன். சட்டம் எதிலும் விரல் வைக்க இடமில்லை. கீழ் விளிம்பில் ராணி அறைகள், நுனி பழுப்பேறி.

"வெயில் வந்தா இன்னைக்கே கிளம்பிடும்" என்றேன். சார் வாயைத் திறக்குமுன், "பார்த்துட்டேன் சார்" என்றும் சொன்னேன்.

இந்த நிலையில் நாங்கள் வழக்கமாகச் செய்வது, கூட்டத்தை உடனே இரண்டாகப் பிரித்துத் தனிப்பெட்டியில் வைப்பதுதான். அப்போது ஒரு பூச்சியும் போகாது. சார் நூர்ஜஹானிடம் அதைச் சொன்னார். "பிரிச்சுடலாம், உனக்கு நட்டமில்ல. விட்டா கிளைக்கு வரலாம், நிக்காமப் பறந்தும் போயிடலாம். உன் பெட்டி, நீ சொல்லும்மா."

நூர்ஜஹான் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "போனாப் போவட்டும் சார். என் கண்ணால பாக்கணும்" என்றாள்.

உட்கார்ந்தோம். கோவிந்தராசு ஒரு மரத்தடியில், அவள் இன்னொரு மரத்தடியில், அஞ்சலை நடுவில் எங்கும் சேராமல். தேனீ நம் சொல்லுக்கா கட்டுப்படும்? மேகம் திரும்பக் கூடிவிட்டால் இந்த மனுஷன் கதி என்ன ஆகும்?

வெயில் சுள்ளென்று இறங்கியது. வாசலில் தொங்கிய தாடி கலைந்து உள்ளே ஓடியது. அடுத்த நிமிஷம் உள்ளிருந்து கொட்டித் தள்ளினதுபோல் தேனீக்கள் வெளியே பாய்ந்தன. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, விழுந்து, எழுந்து, காடே இரைகிற மாதிரி சத்தம். தலைக்குமேல் சுற்றிச் சுற்றி வந்தன. யாரும் கையை வீசி விரட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் தாழ்ந்த முந்திரிக் கிளை ஒன்றில் வந்து ஒட்டின. பலாப்பிஞ்சு அளவிலிருந்து கண்ணெதிரே வளர்ந்து முழுப் பலா அளவுக்குத் தொங்கின.

"யா அல்லா" என்றாள் நூர்ஜஹான். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அண்ணே..."

கோவிந்தராசு அவள் பக்கமே திரும்பவில்லை. ஒரு காலிப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். சார் சொல்லச் சொல்ல, ஒரு கூடையை எடுத்துக் கொத்துக்கு அடியில் பிடித்து, கிளையை ஒரே உலுக்காக உலுக்கினார். நான் ராணியைத் தேடிக் கண்டுபிடித்தேன். கூடையைப் பெட்டிக்குள் கவிழ்த்தோம். வெளியே நின்றதுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வாசலுக்குள் நடந்துபோயின. கோவிந்தராசு கழுத்தில் கொட்டுப் பட்டு வீங்கியிருந்தது, தடவிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்கிவந்து நூர்ஜஹான் காலடியில் வைத்தார்.

"ஒண்ணு ரெண்டு கொறையுதான்னு எண்ணிப் பாத்துக்குங்கம்மா" என்றார்.

தங்கச்சி என்று கூப்பிட்ட வாய் அது. அவளை அம்மா என்று அவர் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சார் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்.

நூர்ஜஹான் பெட்டியைத் தொடவில்லை. அழுதுகொண்டிருந்தவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். "எண்ண மாட்டேன் அண்ணே. நூல் கட்டுனேன்ல, அன்னைக்கே என் கை விளங்காமப் போயிருக்கணும். ஆனா ஒண்ணு, இந்தப் பொட்டிய நான் தூக்க மாட்டேன். இங்க இருக்கக் கூடாதுன்னா நீங்களே தூக்கியாந்து எங்க வூட்டு வாசல்ல வச்சுட்டுப் போங்க. எங்க அத்தா முன்னாடி வைங்க."

கோவிந்தராசு துண்டை உதறினார், தோளில் போட்டார், திரும்ப எடுத்தார். பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து பெட்டியைத் தூக்கினார். ரோட்டுப் பக்கமாக இரண்டடி நடந்தவர், நின்று, மரங்களுக்கு நடுவே காலுக்கடியில் கிண்ணங்களோடு காலியாக நின்ற ஸ்டாண்டுக்குப் போய் அதன்மேல் இறக்கி வைத்தார்.

"ஏய் அஞ்சல" என்று அங்கிருந்தே அதட்டினார். "நின்னுகிட்டே இருக்க? கால் கிண்ணத்துக்குத் தண்ணி கொண்டா. எறும்பு ஏறிடப் போவுது."